மைக்கதிகாரம்: புதுக்கோட்டை உரை

குடுமியான்மலைச் சிகாநாதர் கோயிலை ஒட்டிய பாறைச் சரிவில், ஏழாம் நூற்றாண்டுக் கிரந்த எழுத்தில் ஓர் இசைநூல் வெட்டியிருக்கிறார்கள். ஏழு இராகங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு நான்காகக் கோத்த சுரக்கூட்டங்கள். உருத்திராசாரியரிடம் பயின்ற ஓர் அரசர் செய்வித்தது என்று அந்தக் கல்லே சொல்கிறது. அவர் மகேந்திரவர்ம பல்லவர்தான் என்று முன்பு அடித்துச் சொன்னார்கள். இப்போது கொஞ்சம் இழுக்கிறார்கள். யாராயினும் ஆகுக. இசையைக் கூறுபோட்டு வகைபிரிப்பது எங்கள் புதுக்கோட்டைச் சீமைக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழக்கம் என்பது தெளிவு. அவ்வரசர் சொல்லாமல் விட்டது ஒன்றே: அரேஞ்சர் கீபோர்டில் மைக்கைச் செருகிப் பாடுவது எப்படி என்பது. அக்குறை நீக்கவே இந்நூல்.

அரேஞ்சர் கீபோர்டாவது, இடக்கையால் ஒரு கார்டு பிடித்தால் டிரம்ஸ், பேஸ், கிதார் எல்லாம் தாமே கூடி வாசிக்கும் கருவி. பத்துப் பேர் வேனில் வந்து இறங்கிய மேடையில் இன்று இரண்டு பேர் பைக்கில் வந்து இறங்குவது இதனால்தான். இக்கருவி மைக் குத்த இடமுள்ளது, இடமில்லாதது என இருவகைப்படும். யமஹாவில் 2019-இல் வந்த எஸ்எக்ஸ்900-க்கு இடமுண்டு. அதனோடு கூடப்பிறந்த எஸ்எக்ஸ்700-க்கு இல்லை. விலை குறைவென்று தம்பியை வாங்கிவந்து, பின்பக்கம் முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டுக் கடைக்காரரைத் திட்டுவோர் இந்நூல் கற்க உரியரல்லர். அவர்களுக்குத் தனி மிக்ஸர் வாங்குக என்பதே விதி.

பெட்டி முன் அமர்ந்து ஒருவரே வாசித்துக்கொண்டு பாடுவது இந்த மண்ணுக்குப் புதிதும் அன்று. வள்ளி திருமண நாடகம் நடக்கும் மேடையின் ஓரத்தில் இன்றைக்கும் ஆர்மோனியக்காரர் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். ராஜபார்ட்டுக்கு மேல்ஸ்தாயியில் தொண்டை கட்டினால், பின்பாட்டால் தாங்கிப் பிடித்து இறக்கி விடுபவர் அவரே. மேலைநாட்டார் வோக்கல் ஆர்மனி என்று பெயரிட்டுப் பொத்தானில் அடைத்த வேலையை அவர் வெற்றிலைச் சிவப்போடு செய்துவருகிறார். புதுக்கோட்டை பி.யு. சின்னப்பா இன்னும் ஒருபடி மேலே போனார். 1944-இல் வந்த ‘ஜகதலப்பிரதாபன்’ படத்தில், பாடுகிற சின்னப்பாவுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பவர்களும் சின்னப்பாக்களே. ஒரே ஆள், சுற்றிலும் அவரே கச்சேரி. அரேஞ்சர் கீபோர்டு என்ற எண்ணத்தை முதலில் எங்கள் ஊர்க்காரர்தான் காட்டினார் என்று இந்நூல் துணிந்து உரைக்கும். மறுப்போர் படத்தைப் பார்த்துவிட்டு வருக.

நிலம்

மைக் வைக்கும் நிலம் ஐந்திணைபோல் ஐந்து என்று தொடங்க எனக்கும் ஆசைதான். தேடியதில் மூன்றரை தேறியது.

முதலாவது திருவிழா மேடை. மாசியில் திருவப்பூர், பங்குனியில் நார்த்தாமலை, கொன்னையூர் என்று மாரியம்மன்கள் வரிசையாகக் கூப்பிடும் காலம் இதற்குரிய பெரும்பொழுது. இங்கே பாடகரின் மைக் நேரே மைக்செட்காரரின் மிக்ஸருக்குப் போகும். கீபோர்டின் மைக் ஓட்டை காலியாகக் கிடப்பதே முறை. குரலையும் வாத்தியத்தையும் ஒரே வயரில் அனுப்பினால் குரலை மட்டும் ஏற்ற அவருக்கு வழியில்லை. ஏற்றினால் தபலாவும் கூடவே ஏறும். அப்புறம் அவர் கையை விரித்து மேடையைப் பார்ப்பார், நாம் கையை விரித்து அவரைப் பார்ப்போம்.

இரண்டாவது சின்ன மண்டபம். காதுகுத்து, வளைகாப்பு, பணி ஓய்வு விழா. ஒருவரே பாடி, ஒருவரே வாசித்து, சாப்பாட்டுப் பந்திக்கு ஆளையும் அழைக்க வேண்டிய இடம். கீபோர்டில் மைக் செருகுவதற்கென்றே ஏற்பட்ட நிலம் இதுதான். மூன்றாவது, ஆடி மாதத்தில் கீரமங்கலம், வடகாடு பக்கம் நடக்கும் மொய் விருந்துப் பந்தல். அங்கே பாட்டு துணை, அறிவிப்பே தலை. அதன் இயல்பு எக்கோவியலுள் கூறப்படும்.

எஞ்சிய அரை, வீட்டு மாடி. ஹெட்போன் மாட்டிப் பயிற்சி செய்கையில் அக்கம்பக்கத்தார்க்கு இசை கேளாது, பாட்டு மட்டும் கேட்கும். அரை என்றது அதனால்.

பிறப்பு

உந்தியில் எழும் காற்று நெஞ்சு, மிடறு, தலை, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டிடத்தே நிலைபெற்று எழுத்தாகிறது என்றார் தொல்காப்பியர். ஒன்பதாவது இடத்தை நாம் சேர்க்கிறோம். அதற்கு நூற்பா:

வாய்விட் டெழுவதும் வாராது நின்றதும்
மூச்சும் இருமலும் முணுமுணுப் பும்பிறர்
கேட்கக் கொடுக்கும் கெடுமதி மைக்கே.

மைக் இருவகை. கரண்ட் கேட்காதது டைனமிக். 48 வோல்ட் ஊட்டினால்தான் வாய் திறப்பது கண்டன்சர். கீபோர்டுக்கு டைனமிக் போதும். கையேடுகளும் அதையே கேட்கின்றன. 1966 முதல் உலக மேடைகளில் அடிபட்டு உதைபட்டு வரும் ஷூர் எஸ்எம்58 இவ்வகையே. நம் பக்கத்து மைக்செட்டுகளில் அஹூஜா மைக் நெடுங்காலப் புழக்கம். மைக்கின் அடியில் மூன்று கம்பி. கீபோர்டிலோ பி-38 என்று கடையில் சொல்லும் பருத்த பின்னுக்கான ஓட்டை. மூன்று கம்பி வயருக்கு வழியில் புகும் இரைச்சலைத் தானே கழித்துக்கொள்ளும் குணமுண்டு. பி-38-க்கு மாறிய இடத்தில் அக்குணம் கெடும். ஆகவே வயரைச் சில மீட்டரில் நிறுத்துக. மேடைக்கு அடியில் சீரியல் செட் வயரோடு பின்னிக் கொண்டுபோனால் ‘ம்ம்ம்’ என்று ஓர் ஓசை எழும். நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலையும். 49 என்பது ஐந்து கட்டைச் சுருதியின் கீழ்ஸ்தாயி. ஆக, ஐந்து கட்டைக்குச் சற்றே ஏறிய தம்புரா ஒன்று செலவில்லாமல் கிடைக்கிறது. ஐந்து கட்டையில் பாடுவோர் மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். ஜெனரேட்டரில் அந்தத் தம்புராவும் சுருதி நிற்காது.

கெயினியல்

இந்நூலின் கழுத்து இதுவே. மைக்கிலிருந்து வருவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு. வாத்தியங்களோடு சமமாக உட்கார அது ஒரு வோல்ட்டை ஒட்டி ஏற வேண்டும். ஏற்றிவிடும் திருகே கெயின். பக்கத்தில் ஒரு விளக்கு இருக்கும்: பச்சை என்றால் குரல் வருகிறது, சிவப்பு என்றால் நிரம்பி வழிகிறது. வழிந்தபின் வால்யூமைக் குறைப்பதால் பயனில்லை. கரகரப்பு அப்படியே இருக்கும், சின்னதாக இருக்கும்.

சோதனை செய்யும் முறையில்தான் பிழை பிறக்கிறது. பாடகர் மேடை ஏறி, மாமியார் வீட்டில் தண்ணீர் கேட்கும் குரலில் “ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ” என்பார். கீபோர்டுக்காரர் அந்தக் குரலுக்கு ஏற்பக் கெயினைத் திருகிவைப்பார். கச்சேரி தொடங்கி, அம்மன் பாட்டின் உச்சியில் இதே பாடகர் நாலரைக் கட்டையில் எழும்பும்போது விளக்கு சிவப்பிலேயே நின்றுவிடும். “அண்ணே, மைக் ஓட்ட மைக்கு” என்பார். மைக் நல்ல மைக். ஆகவே விதி: எந்தப் பாட்டின் எந்த வரியில் நரம்பு புடைக்குமோ அந்த வரியைப் பாடச் சொல்லிக் கெயின் வைக்க. ‘ஹலோ’வை எண்ணிக்கையில் சேர்க்கற்க.

கெயினை அடியோடு குறைத்து வைத்துக்கொண்டே மைக்கைச் செருக வேண்டும். உருவிய பின்னும் குறைத்தே விட வேண்டும். வாயில்லாத ஓட்டையும் ஓசை பிடிக்கும் இயல்பினது.

கெயினுக்குப் பின் நாய்ஸ் கேட் என்றொரு வாயிற்காவலன் நிற்பான். குறித்த அளவுக்குக் கீழ்ப்பட்ட ஒலியை உள்ளே விடாதது அவன் தொழில். மின்விசிறிச் சத்தமும் பின்னிருக்கும் குழந்தை அழுகையும் நிற்கும், நல்லதுதான். ஆனால் அளவைக் கொஞ்சம் கூட்டினால் தமிழுக்கே கேடு வரும். குற்றியலுகரத்துக்கு மாத்திரை அரை என்று இலக்கணம் விதித்திருக்க, இவன் அதை முற்றும் துடைத்து ‘பாட்டு’ என்பதைப் ‘பாட்ட்’ ஆக்கிவிடுவான். வரி முடிவில் குரலை இழைத்து விடுகிறவர்களுக்கு இவன் ஆகாதவன். அடுத்து நிற்பது கம்ப்ரஸர். வல்லினமாக வந்ததை அடக்கி, மெல்லினமாக வந்ததைத் தூக்கி, எல்லாவற்றையும் இடையினமாக்குவது அதன் வேலை. மைக்கை அருகில் வைத்தும் தள்ளி வைத்தும் தாமே ஏற்ற இறக்கம் காட்டத் தெரிந்த பழைய நாடகக்காரர்களுக்கு அது தேவைப்படாது. இன்றைய ரீல்ஸ் பாடகர்களுக்குத் தேவைப்படும்.

பேஸ், ட்ரெபிள் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உதட்டை ஒட்டி வைத்தால் டைனமிக் மைக் தானே பேஸைக் கூட்டிவிடும். மேலும் பேஸ் வைப்பது வீண்.

எக்கோவியல்

எதிரொலி இயற்கை, செயற்கை, மிகை என மூன்று. இயற்கைக்குச் சித்தன்னவாசல் அறிவர் கோயில் உதாரணம்: கருவறைக்குள் நின்று மெல்ல ஓங்காரம் எழுப்பினால் குகை முழுதும் அதிரும். கீபோர்டில் ஹால், ரூம், ஸ்டேஜ், பிளேட் என்று பெயர் இட்டவர்கள் புதுக்கோட்டைக்கு வந்திருந்தால் ஐந்தாவதாக ஒரு பெயர் கிடைத்திருக்கும். இதில் பிளேட் என்பது உண்மையிலேயே தகடு. 1957-இல் ஜெர்மனியில் செய்த இஎம்டி 140 என்னும் கருவியில் பெரிய எஃகுத் தகட்டை அதிரவைத்து ஒலியின் நிழலைப் பிடித்தார்கள்; எடை சுமார் 270 கிலோ. அதற்கும் முன்பு 1947-இல் பில் புட்னம் என்ற அமெரிக்க ஒலிப்பதிவாளர் குளியலறையையே எதிரொலி அறையாக்கினார். குளிக்கும்போது மட்டும் நன்றாகப் பாடுவோருக்கு இதில் ஆறுதல் உண்டு. இன்று தகடும் குளியலறையும் ஒரு சிப்புக்குள் அடக்கம்.

செயற்கையைக் கணக்கோடு வைக்க வேண்டும். 60,000-ஐ டெம்போவால் வகுத்தால் ஓர் அடிக்குரிய தாமதம் மில்லிநொடியில் வரும். டெம்போ 120 என்றால் 500. 100 என்றால் 600. இந்த அளவில் வைத்த எக்கோ தாளத்தோடு விழும். அளவு தப்பினால் பாடகர் பின்னால் இன்னொருவர் தாளம் தெரியாமல் பாடுவதாகத் தோன்றும். திருவிழா மேடையில் இதிலும் ஒரு நுட்பம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 170 மீட்டர் தள்ளித் தெருமுனையில் கட்டிய ஸ்பீக்கர் பாக்ஸின் சத்தம் மேடைக்கு வந்துசேர அரை நொடி. ஊரே ஒரு எக்கோ கருவியாக இயங்கும்போது மேலும் ஒன்றைக் கீபோர்டில் ஏற்றுவது மிகை எனப்படும். ஆனாலும் ஏற்றுகிறோம். ஏன்?

இதற்கு மேடை ஓரத்து வழக்கு ஒன்றைக் காட்டுவோம்.

“அண்ணே, எக்கோ பத்தல.”

“இப்பவே ஏழுல நிக்கிது தம்பி.”

“காதுலயே விழலண்ணே. இன்னுங் கொஞ்சம்...”

உரையாசிரியர்கள் பலரும் முதல் வரிக்கே பொருள் கொண்டு எக்கோவை எட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். பொருள் மூன்றாம் வரியில் உள்ளது. அவருக்குத் தம் குரல் கேட்கவில்லை. முன்னே நிற்கும் பெரிய பாக்ஸ் மக்களைப் பார்த்துப் பேசுகிறது. மேடையிலோ கீபோர்டின் பேஸும் ரிதம் பேடின் அடியும்தான் சூழ்ந்திருக்கின்றன. எக்கோ கூடினால் குரலின் வால் நீண்டு, வாத்திய இடைவெளிகளில் தலைகாட்டும். அந்த வாலைப் பிடித்துக்கொண்டு அவர் சுருதியைத் தேடுகிறார். எக்கோ கேட்பவர் வேண்டுவது மானிட்டர். தரையில் சாய்த்து வைத்த ஒரு சின்னப் பாக்ஸை அவர் முகத்துக்கு நேரே திருப்பி, அதில் குரலை மட்டும் கொஞ்சம் கூட்டுக. பிறகு எக்கோவை நாலுக்கு இறக்குக. பெரும்பாலும் அவருக்குத் தெரியவே தெரியாது. “இப்பத்தாண்ணே எக்கோ சரியா இருக்கு” என்பார். மைக் பற்றிய மேடைச் சண்டைகளில் பெரும்பகுதி இந்த ஓரிடத்தில் தீரும் என்பது இந்நூலாசிரியர் துணிபு. வெறும் ரசனை வேறுபாடென்று சொல்லி மிக்ஸர்காரரும் பாடகரும் ஆண்டுக்கணக்கில் முகம் திருப்பிக்கொண்டு திரிவதைப் பார்த்தே இதை விரித்தோம்.

இனி மொய் விருந்து. எக்கோவை அணைக்காமல் அறிவிப்பாளர் மைக்கைக் கையில் வாங்கி, “வடக்குத் தெரு மாமா அவர்கள் ஐயாயிரம்” என்று வாசிக்கிறார். பந்தலின் கடைசி வரிசைக்கு ‘...ஆயிரம்... ஆயிரம்’ என்றே போய்ச் சேர்கிறது. ஐந்து கொடுத்தவர் ஒன்று கொடுத்தவராகிறார். நோட்டில் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் மொய் என்பது நோட்டில் மட்டும் இருப்பதன்று. இந்த இக்கட்டுக்கென்றே யமஹா கருவிகளில் டாக் என்றொரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் குரலுக்கு வேறு அமைப்பு வந்து நிற்கும்; எக்கோவை எடுத்துவிடலாம், பின்னணி இசையும் தானே தணியும். விலை கொடுத்து வாங்கிய கருவியில் உறவுமுறை காக்கும் பொத்தான் அது ஒன்றே. அதன்மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவைப்பது நலம்.

ஆர்மனியியல்

வோக்கல் ஆர்மனி என்பது ஒரு குரலை இரண்டு மூன்றாக்கிக் காட்டுவது. சின்னப்பாவின் திரைத் தந்திரத்தைக் காதுக்குச் செய்தால் இதுதான். 2012-இல் வந்த யமஹா எஸ்950 போன்ற கருவிகளில் இது கார்டல், வோக்கோடர் என்று பெரும்பிரிவு கொள்ளும்.

கார்டல் வகையில் துணைக்குரல்கள் இடக்கை பிடிக்கும் கார்டைப் பார்த்து நடக்கும். கை அரை பார் தாமதித்தால் பாடகர் சரணத்துக்குப் போயிருக்க, கோரஸ் மட்டும் அனுபல்லவியிலேயே நின்றுகொண்டிருக்கும். கார்டைப் பிடித்து நடக்கும் மெல்லிசைக்கும் கிறிஸ்தவக் கீதங்களுக்கும் இது அழகு. கமகம் வைத்து இழைக்கும் பாட்டில் நிலைமை வேறு. பாடகர் ஒரு சுரத்தை அசைக்க, இரண்டு துணைக்குரல்களும் சேர்ந்து அசையும்; மூவருக்கும் ஒரே நேரத்தில் குளிர்க்காய்ச்சல். கூடவே சுருதி திருத்தும் வசதியையும் போட்டுவிட்டால் கமகம் படிக்கட்டாகிவிடும். சுருதி திருத்தும் மென்பொருளில் பேர்பெற்ற ஆட்டோ டியூனை 1997-இல் கொண்டுவந்த ஆன்டி ஹில்டிபிராண்ட், அதற்குமுன் நில அதிர்வலைகளைக் கொண்டு எண்ணெய் தேடும் துறையில் இருந்தவர். பூமிக்கடியில் துழாவிய கணக்கு தொண்டைக்குள் துழாவ வந்தது. ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் புழுதி பறக்கும் எங்கள் பக்கத்தில் சுருதியாவது கிடைக்கட்டும் என்று சிலர் மகிழலாம். என் கட்சி வேறு: கமகம் உள்ள பாட்டில் இரண்டையும் அணைத்துவிட வேண்டும்.

இன்னொன்று. மைக்குக்குப் பக்கத்தில் தவிலோ பறையோ இருந்தால், ஆர்மனி எந்திரம் அதையும் ஒரு பாடகராக மதித்து அதற்கும் கோரஸ் பாட முயலும். கேட்டவர்களுக்கு மறக்காது.

வோக்கோடர் வகையை 1928 வாக்கில் பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி தொலைபேசிக்காகச் சிந்தித்தார். இரண்டாம் உலகப் போரில் இரகசியப் பேச்சை மறைக்கவும் அது பயன்பட்டது. போருக்குப் பயன்பட்டது எப்படியோ இசைக்குள்ளும் வந்துவிட்டது. இதில் வாய் சொல்லைத் தரும், கட்டை சுரத்தைத் தரும். கட்டையை அழுத்தாவிட்டால் ஆர்மனிக் குரல் எழாது. மூலக்குரலையும் குறைத்து வைத்திருந்தால் ஒன்றுமே கேளாது. மண்டபத்தில் ‘மைக் செத்துப்போச்சு’ என்று வயரை மாற்றி, பின்னை மாற்றி, மைக்கையே மாற்றிய பிறகு, யாரோ ஒரு சிறுவன் கட்டையில் கைவைக்க மைக் உயிர்த்தெழும். வயரை மாற்றுமுன் திரையைப் பார்க்க என்பது விதி.

ஊளையியல்

மைக்கில் போனது பாக்ஸில் வந்து, மறுபடி மைக்கில் போய்ச் சுற்றத் தொடங்குவது ஊளை. இது குறில், நெடில், அளபெடை என மூவகை. பாடகர் மைக்கோடு பாக்ஸுக்கு முன்னே நடந்து போகையில் ‘கிய்ங்’ என்று வந்து மறைவது குறில். வித்தைக்காரர்போல் மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிப்பதால் வருவது நெடில். முன்பக்கம் மட்டும் கேட்கும்படி செய்த மைக், பொத்தியவுடன் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கிவிடும். மைக்செட்காரர் டீக்குடிக்கப் போன நேரத்தில் வருவது அளபெடை. அவர் ஓடிவரும் வரை நீளும்.

பரிகாரம் எளிது. பாக்ஸ்கள் மைக்குக்கு முன்னே, மக்களை நோக்கி நிற்க வேண்டும். வாயை மைக்குக்குப் பாதித் தூரம் நெருக்கினால் 6 டெசிபல் கூடும். அந்த அளவுக்குக் கெயினைக் குறைத்துவிடலாம். பாடாதவர் மைக்கை மூடிவைக்க வேண்டும்: திறந்த மைக்கின் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் 3 டெசிபல் இடம் போய்விடும். விழாக் குழுத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவர் கையிலும் ஆளுக்கொரு மைக் இருக்க வேண்டுமென்பது இசை விதியன்று. அதை ஊர்க் கூட்டத்தில்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

ஒழிபு

காலம் பற்றி ஒன்று. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைக் காலங்களில் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதிக்கு இரவில் விதித்த அளவு 45 டெசிபல். வள்ளி திருமணம் விடிய விடிய நடப்பது. முருகன் கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்கும் நேரத்தை எந்த விதியும் கணக்கில் கொள்ளவில்லை. அவ்விடத்தில் ஆர்மோனியக்காரரின் தொண்டையே சட்டத்துக்குட்பட்ட கருவி.

பவர் போடும் வரிசை: கீபோர்டு முதலில், ஆம்ப் கடைசியில். அணைக்கும் வரிசை: ஆம்ப் முதலில், கீபோர்டு கடைசியில். மாற்றினால் ‘டொப்’ என்றொரு ஓசை எழும். பாக்ஸ் உரிமையாளரிடமிருந்து வேறோர் ஓசையும் எழும். சில மாடல்களில் அமைப்பைச் சேமிக்காமல் அணைத்தால் மறுநாள் எல்லாம் முதலிலிருந்து. குடுமியான்மலைக்காரர் கல்லில் சேமித்தார். நமக்கு ஒரு யுஎஸ்பி போதும். பூசாரி தேங்காய் உடைக்கும்போது கீபோர்டின்மேல் துணி போடுக. மைக்கின் வலைத்தலையைக் கழற்றி மாதம் ஒருமுறை கழுவி நிழலில் உலர்த்துக. இதில் சொல்லாது விட்டவற்றை மைக்செட்காரரிடம் கேட்டுக்கொள்க. கேட்கும்போது டீ வாங்கிக் கொடுத்துக் கேட்க.